வாயிற்படியில் நிற்பவர்

இணைய விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் பங்கு மக்களின் நெஞ்சில் முதலில் எழுவது அச்சமே. ரம்மி ஆடி வீட்டுப் பத்திரத்தை இழந்தவர், கடன் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர் என்ற செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்துப் படித்து, அச்சொல்லே ஒரு தீச்சொல்லாகிவிட்டது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டு மாதத்தில் இயற்றியதும் அதனால்தான். ஆனால் அதே சட்டம், பணயம் வைக்காமல் பொழுதுபோக்காகவும் போட்டியாகவும் ஆடும் ஆட்டங்களை வேறாகப் பிரித்து அவற்றிற்கு இடமளித்திருக்கிறது. நாம் இங்கு எழுத முற்படுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே. அதிலும், கிறிஸ்தவர் என்னும் பெயரோடு கூடி விளையாடும் குழுக்களைப் பற்றி. உலகின் வெவ்வேறு மூலைகளில் இருப்போர், ஒருவர் முகத்தை மற்றவர் காணாமலே, இத்தகைய குழுவுக்குள் எப்படி வந்து சேர்கிறார்கள்? கதவைத் திறந்துவிடுபவர் யார்?

இவ்வினா நம் உள்ளத்தில் தானாக முளைத்ததன்று. ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடையைக் களைந்துகொண்டிருந்தபோது, ஒரு தாய் சக்ரீஸ்து அறை வாசலில் வந்து நின்றார். "சாமி, ராத்திரி பத்து மணிக்கு மேல கதவச் சாத்திக்கிட்டு யாருகிட்டயோ இங்கிலீஷ்ல பேசுறான். கேட்டா ஜெபம் பண்ற மாதிரியும் இருக்கு, சண்ட போடுற மாதிரியும் இருக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார். மகனை நாம் அறிவோம். பாலிடெக்னிக் முடித்தவன், உறுதிபூசுதல் பெற்ற பின் மறைக்கல்வி வகுப்பின் பக்கம் தலைகாட்டாதவன், ஞாயிறுகளில் ஆலயத்திற்கு வெளியே வேப்பமரத்தடியில், தன் மோட்டார் சைக்கிள்மீது சாய்ந்தபடி மறையுரையைக் கேட்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். கேட்கிறான் என்று சொல்வதும் நம் பெருந்தன்மையே! கடிந்துகொள்ள வருகிறோம் என்று அவன் எண்ணியிருக்கக்கூடும். "பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டதும் திகைத்தான்; பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். மூன்று மாலைப்பொழுதுகள் அவ்வாறு அமர்ந்திருந்தோம்.

அவன் கிறிஸ்தவக் குழுவைத் தேடிச் சென்றவன் அல்லன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவன் ஆடுவது வேலரண்ட் எனப்படும் ஆட்டம். ஓர் அணிக்கு ஐவர், சுடும் ஆட்டம், நமக்கு அது உவப்பானதன்று. தனியாக ஆட வருவோரைக் கணினியே ஐவர் ஐவராகச் சேர்த்துவிடும். காதில் மாட்டிய ஹெட்போன் வழியே, முன்பின் அறியாத நால்வரின் குரலும் கேட்கும். தோற்கும் நேரத்தில் அக்குரல்களிலிருந்து வருவது பெரும்பாலும் வசைமொழி. தாயைப் பழிக்கும் சொற்கள், சாதியை, நிறத்தை, நாட்டை இழிக்கும் சொற்கள். பெண்குரல் கேட்டுவிட்டால் போதும், சொல்லத்தகாதவை யாவும் வரும். அதற்கஞ்சியே பேசாமல் ஆடும் பெண்கள் பலர் என்றான். ஒருநாள் இரவு அப்படித் தோற்ற ஆட்டமொன்றின் முடிவில், அணியிலிருந்த ஒருவர் அவனிடம் தனியே எழுதிக் கேட்டாராம், நீ மட்டும் ஏன் யாரையும் திட்டவில்லை என்று. "தோணல" என்று இவன் பதில் எழுதினான். அவ்வளவுதான். கேட்டவர் பஹ்ரைனில் வேலை பார்க்கும் மங்களூர்க்காரர், கத்தோலிக்கர். "அவரு உண்மையான பேரு எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும், ஃபாதர். அதுவரைக்கும் ஆட்டத்துல வச்ச பட்டப்பேருதான்." அவர் அனுப்பிய அழைப்பைத் தொட்டு உள்ளே சென்றான். இன்றுவரை அங்கே இருக்கிறான்.

வேறு வழிகளும் உண்டு. குழுக்கள் உரையாடுவதற்கென்று 2015-இல் தொடங்கப்பட்ட டிஸ்கார்ட் என்னும் செயலியில், ஆயிரக்கணக்கான குழுக்களை வகைப்படுத்திக் காட்டும் பட்டியல்கள் உள்ளன. அங்கே 'கிறிஸ்தவம்' என்றும் 'வசைமொழி இல்லை' என்றும் அடையாளச் சொற்களை இட்டுத் தேடலாம். சில ஆட்டங்களில் வீரரின் பெயருக்கு முன்னே அவர் குழுவின் சுருக்கக் குறி நிற்கும். அதைக் கண்டு விசாரிப்போர் உண்டு. ட்விட்ச் என்னும் தளத்தில் ஒருவர் தாம் விளையாடுவதை நேரலையாகக் காட்ட, நூற்றுக்கணக்கானோர் பார்த்து உரையாடுவர். அவர் தம் நேரலையை முடிக்கும்போது, பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுவதையும் அப்படியே இன்னொருவருடைய நேரலைக்கு அழைத்துச் சென்று விடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு 'ரெய்டு' என்று பெயர்! சோதனைக்கு வரும் அதிகாரிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது அன்பளிப்பு. பத்துப் பேரோடு தனித்து ஆடிக்கொண்டிருந்த எளிய ஒருவர் வீட்டுத் திண்ணையில் திடீரென்று இருநூறு பேர் வந்து அமர்ந்தாற்போல. அப்படி வந்தவர்களுள் சிலர் தங்கிவிடுவர். அமெரிக்காவில் மாட் சௌசா என்னும் போதகர் 2016-இல் ட்விட்ச் தளத்திலேயே விளையாட்டாளர்களுக்கென ஒரு சபையைத் தொடங்கினார். அங்கு வந்தவர்களுள் பலர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களே.

ஆயினும், அந்த மூன்று மாலைகளில் நாம் கேட்டறிந்த பத்துப் பன்னிரண்டு பேரின் கதைகளில் ஒரே ஒரு செய்திதான் திரும்பத் திரும்ப வந்தது. பட்டியலைப் பார்த்து வந்தவர் சில நாட்களில் போய்விடுகிறார். ஒருவர் அழைத்து வந்தவர் தங்குகிறார். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் பிலிப்பு நத்தனியேலிடம் விவாதம் செய்யவில்லை; நாசரேத்தைப் பற்றி நண்பர் எழுப்பிய ஐயத்திற்கு விடை கூறவுமில்லை; வந்து பார்க்கும்படி அழைத்தார், அவ்வளவே. நத்தனியேல் வந்தபின் அறிந்துகொண்டதோ, தாம் தேடிக் கண்டடையும் முன்பே அத்திமரத்தின்கீழ் தாம் காணப்பட்டிருந்தார் என்பதை.

உள்ளே நுழையும் முறை நம்மை மிகவும் கவர்ந்தது. அழைப்பைத் தொட்டவுடன் எல்லா அறைகளும் திறந்துவிடுவதில்லை. முதலில் ஓர் அறை மட்டும் தெரிகிறது. அதில் விதிகள்: இழிசொல் கூடாது, ஆபாசப் படம் கூடாது, பிற சபையாரின் நம்பிக்கையைப் பழிக்கலாகாது, பதின்மூன்று வயதுக்குட்பட்டவர் சேரலாகாது. படித்து ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சிறு படத்தைத் தொட வேண்டும். அடுத்து அறிமுக அறை. எங்கிருந்து வருகிறாய், என்ன ஆட்டம் ஆடுவாய் என்று எழுத வேண்டும். எழுதிய ஓரிரு நிமிடங்களுக்குள் ஐந்தாறு பேர் பெயர் சொல்லி வரவேற்கின்றனர். அதன்பின் பொறுப்பாளர் ஒருவர் அனுமதி தர, மற்ற அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன: ஆட்டத்திற்கு ஓர் அறை, மறைநூல் வாசிப்புக்கு ஓர் அறை, செப விண்ணப்பங்களுக்கு ஓர் அறை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. உரோமை இப்போலித்துவின் பெயரால் வழங்கும் 'திருத்தூதர் மரபு' என்னும் பழைய நூல், புதிதாக வருவோரை யார் அழைத்து வந்தார் என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறது. அழைத்து வந்தவர் சான்று கூற வேண்டும். அதன் பின்னரே புகுமுக நிலை. அது மூன்றாண்டு வரை நீளும். வேடிக்கை என்னவெனில், எந்தெந்தத் தொழில் செய்வோர் அதை விட்டுவிட்டு வர வேண்டும் என்ற அதே நூலின் நீண்ட பட்டியலில், பந்தயத் தேரோட்டிகளும் களத்தில் மோதும் கிளாடியேட்டர்களும் இடம்பெற்றுள்ளனர். இன்றைய ஆட்டக்காரரைக் கண்டால் இப்போலித்து என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். மேலும் பழைய சிறுபட்டங்களுள் முதலாவது வாயிற்காப்போர் பட்டம். ஆயர் கையில் திறவுகோலைத் தர, புதியவர் ஆலயக் கதவைத் திறந்து மூடி, மணியை ஒலிக்கச் செய்வார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 ஆகஸ்டு 15 அன்று சிறுபட்டங்களைச் சீரமைத்தபோது அப்பட்டம் நீக்கப்பட்டது. பட்டம் போனது சரி. பணியும் அதனோடு போய்விட்டதோ என்ற கவலை நமக்கு நெடுநாளாக உண்டு.

ஏனெனில் கதவு காப்பவர் இல்லாத இடம் என்னவாகும் என்பதை இணையமே காட்டியிருக்கிறது. 2004 மே மாதத்தில் இங்கிலாந்தில், மெதடிஸ்ட் திருச்சபையின் ஆதரவோடு, விளையாட்டைப் போல வடிவமைக்கப்பட்ட ஓர் இணைய ஆலயம் திறக்கப்பட்டது. 'முட்டாள்களின் ஆலயம்' என்று அதற்குப் பெயர்; கிறிஸ்துவுக்காக மடையரானதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நினைவூட்டும் பெயர். ஆங்கிலிக்கன் சபையின் இலண்டன் ஆயர் ரிச்சர்ட் சார்டர்ஸ் முதல் மறையுரை ஆற்றினார். வந்தவர்கள் ஒரு சிறு உருவத்தை எடுத்துக்கொண்டு இருக்கையில் அமரலாம், முழந்தாளிடலாம். (அவ்வுருவத்திற்கு 'அவதார்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சொல் உலகைச் சுற்றிவிட்டு இப்படித் திரும்பி வருகிறது. நாமோ மனுஷாவதாரம் என்ற பழைய வழக்கை விட்டு மனுவுருவாதல் என்று எழுதப் பழகிவிட்டோம்.) திறந்த சில நாட்களுக்குள் பீடத்தில் ஏறி நின்று வசைபாடுவோரும் வந்து சேர்ந்தனர். தொண்டர்கள் இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டியதாயிற்று. அத்தகையோரை ஒரே தொடுதலில் வெளியேற்றும் பொத்தான் ஒன்று அவர்களுக்குத் தரப்பட்டது. மறையுரையின்போது கைப்பேசியில் பேசுவோரைக் காணுந்தோறும் அப்பொத்தான் நம் கற்பனையில் வந்து போவதுண்டு.

நம் திருச்சபையிலும் இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. உரோமையில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குரு இராபர்ட் பல்லேசர் 2019-இல், எந்த ஆட்டத்திற்கு ஒரு சர்வர் அமைக்கலாம் என்று ட்விட்டரில் தம்மைப் பின்தொடர்வோரிடம் வாக்கெடுப்பு நடத்தினார். கட்டை கட்டையாக அடுக்கி வீடும் ஊரும் எழுப்பும் மைன்கிராஃப்ட் என்ற ஆட்டத்தையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். வத்திக்கானிலிருந்து ஒரு குரு ஆட்டக்களம் திறந்துள்ளார் என்ற செய்தி பரவியதும் ஆடவந்தோரின் கூட்டமும், அதை முடக்க வந்தோரின் தாக்குதலும் ஒருசேர வந்தன. அவர் விரும்பியது மறைக்கல்வி வகுப்பு அன்று. நச்சுப் பேச்சு இல்லாமல் மனிதர் கூடி ஒன்றைக் கட்டி எழுப்பும் இடம் ஒன்று இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

விளையாட்டில் என்ன ஆன்மிகம் என்று கேட்கும் பெரியவர்களுக்கு, புனித தாமஸ் அக்குவினாரையே சான்றாக அழைக்கிறோம். இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 168-ஆம் வினாவில், விளையாட்டில் ஒரு நற்பண்பு உண்டா என்று ஆராய்ந்து, உண்டு என்கிறார். அளவு மீறுவது பாவமாகலாம் என்கிறார். அத்தோடு நில்லாமல், விளையாட்டே அறியாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பது ஒரு குறையே என்றும் எழுதுகிறார். அந்த மூன்றாம் பகுதியை நம்மில் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

இன்னும் அருகில் நமக்குத் தொன் போஸ்கோ இருக்கிறார். 1841 டிசம்பர் 8. தூரின் நகரில் புனித அசிசியார் ஆலயத்துச் சக்ரீஸ்து அறை. குளிருக்கு ஒதுங்கிய கொத்துவேலைச் சிறுவன் பர்த்தலொமேயு கரெல்லியைப் பூசை உதவி செய்யச் சொல்கிறார் அறைப் பணியாளர். தெரியாது என்றதும் அடித்து விரட்டுகிறார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்து, தம் நண்பன் என்கிறார். படிப்பு? இல்லை. தாய் தந்தை? இல்லை. பாட வருமா? வராது. சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிடுகிறான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இளையோர் இல்லங்கள் அத்தனையும் வளர்ந்தன. அன்று அந்த அறையில் நின்றவர் இருவர், இருவரும் வாயிற்காப்போரே.

மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். 'திருச்சபையும் இணையமும்' என்ற ஏட்டில் திருப்பீடச் சமூகத் தொடர்பு அவை 2002-லேயே தெளிவுபடுத்திவிட்டது: இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை; இரத்தமும் சதையுமான மக்கள் கூடி வழிபடுவதற்கு அது ஈடாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், வலைக்குள் ஒடுங்கிச் சமூகத்தைவிட்டே விலகும் இளையோரைக் குறித்துக் கவலை தெரிவித்தார். பெயரும் முகமும் தெரியாத இடத்தில் சிறுவரை நாடிவரும் தீயவர்களும் உண்டு; கிறிஸ்தவக் குழு என்ற பலகை அவர்களைத் தடுத்துவிடாது. தனியே பேச அழைக்கும் பெரியவர், படம் அனுப்பச் சொல்பவர், பெற்றோரிடம் சொல்லாதே என்பவர் எவராயினும் உடனே விலகிப் பொறுப்பாளரிடமும் வீட்டாரிடமும் தெரிவிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நேரமும் ஒரு தொல்லை. அமெரிக்காவில் மாலையாகும்போது நமக்கு விடியற்காலை. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ் வீடியோ விளையாட்டில் விருப்பமுள்ளவர். ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே வரம்பு வைத்துக்கொண்டார். நம் இளைஞனிடம் இதைச் சொன்னபோது, "அவரு புனிதர், ஃபாதர்" என்று முடித்துவிட்டான்.

ஆனாலும், திரைக்கு அப்பால் இருப்பவை வெறும் நிழல்கள் என்று சொல்ல நமக்கு மனம் துணியவில்லை. நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயால் 2014-இல் இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆண்டுக்கணக்காக வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில் மூழ்கியிருந்த மகன் நட்பே அறியாமல் போய்விட்டான் என்று பெற்றோர் கலங்கினர். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தில் இறப்புச் செய்தியை வெளியிட்டதும், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மடல்கள் குவிந்தன. விளையாட்டுக் குழுவின் தோழர்கள் சிலர் அடக்கச் சடங்கிற்கே வந்து நின்றனர். 2024-இல் இது ஆவணப்படமாகவும் வந்தது. அது கிறிஸ்தவக் குழு என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் துயருற்றோரின் வாசலில் வந்து நிற்பதை நாம் இரக்கச் செயல்களுள் ஒன்றாக அல்லவா எண்ணுகிறோம்?

இனி நம் ஆலயங்களுக்கு வருவோம். சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த கத்தோலிக்க இளைஞர்கள் இன்று நம் நகர்ப்புறப் பங்குகள் பலவற்றில் கடைசிச் சுவரோரம் நிற்கின்றனர். நற்கருணை வாங்குகின்றனர், இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விடுகின்றனர். மாதங்கள் கடந்தும் பெயர் கேட்பார் இல்லை. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பமும் அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் என்று தெரியாமல் ஓராண்டைக் கழிக்கிறது. குடும்ப அட்டை, வரி, நன்கொடை என்று கேட்க ஆள் உண்டு. அந்த அறிமுக அறையில் ஓரிரு நிமிடங்களில் வந்த ஐந்தாறு வரவேற்புகளை நாம் எண்ணிக்கொண்டிருந்தது அதனால்தான்.

சென்ற தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்த இளைஞன் பங்கு இல்லத்திற்கு வந்தான். அவன் நம் அறைக்குள் காலடி வைத்தது உறுதிபூசுதலுக்குப் பின் அதுவே முதன்முறை. அவர்கள் குழுவில் டெக்சாஸ் மாநிலத்துப் பாப்டிஸ்ட் ஒருவர் இருக்கிறாராம். மரியிடம் ஏன் செபிக்கிறீர்கள் என்று அவர் பணிவாகவே கேட்டிருக்கிறார். "எனக்குப் பதில் சொல்லத் தெரியல, ஃபாதர். சின்ன வயசுலேர்ந்து செபமாலை சொல்றேன், ஏன்னு தெரியல" என்றான். குரலில் வெட்கம் இருந்தது. சிறிது கோபமும் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து, 963-ஆம் பத்தியிலிருந்து அவனையே வாசிக்கச் சொன்னோம். கானா ஊர்த் திருமணத்தைப் பற்றிப் பேசினோம். ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்பதை அவன் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, தன் கைப்பேசியில் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டான். எட்டு மணி அடித்த பிறகும் எழுந்து போகவில்லை.

"நீங்களே உள்ள வந்து சொல்லலாமே, ஃபாதர்" என்றான் கடைசியில்.

நம் கைப்பேசியில் அவனே அச்செயலியைப் போட்டுக் கொடுத்தான். விதிகளை முழுவதும் படித்தோம். அவன் பொறுமையிழந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிறு படத்தைத் தொட்டோம். அறிமுக அறையில், நீங்கள் என்ன ஆட்டம் ஆடுவீர்கள் என்ற கேள்வி காத்திருந்தது. நமக்குத் தெரிந்தது குருமடத்தில் ஆடிய கேரம் ஒன்றுதான், அதையே எழுதினோம். நான்கு பேர் வரவேற்றனர். ஐந்தாவதாக ஒருவர், கேரம் என்றால் என்ன என்று கேட்டிருந்தார்.